கெய்கோவுக்கு வியாதி இல்லை, கணக்கில்தான் கோளாறு

போன மாதம் எங்கள் வகுப்பில் மூன்று பேர் ஒரே நாவலைப் படித்தோம். சயாகா முராடா எழுதிய ‘கொன்பினி நிங்கென்’, ஆங்கில மொழிபெயர்ப்பில். முடித்ததும் ஒருத்தன் "செம காமெடிடா" என்றான். இன்னொருத்தி "பாவம், அந்தப் பொண்ணுக்கு ஏதோ மனநோய்" என்றாள். இரண்டு பேரும் என் நண்பர்கள்தான். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், இரண்டுமே தப்பு.

படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். கெய்கோவுக்கு 36 வயது. 1998-ல் கல்லூரிப் படிப்பின்போது, 24 மணி நேரமும் திறந்திருக்கும் ஒரு கொன்பினி கடையில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தவள், 18 வருஷமாக அதே கடையில் மணிக்கணக்குக் கூலிக்கு நிற்கிறாள். மேலாளர்கள் மாறி மாறி இப்போது எட்டாவது ஆள். கல்யாணம் ஆகவில்லை. "ஏன் இன்னும் இந்த வேலை, ஏன் இன்னும் கல்யாணம் இல்லை" என்று தங்கை, தோழிகள், தோழிகளின் கணவன்மார்கள் எல்லோரும் துளைத்தெடுக்கிறார்கள்.

நிற்க. இத்தனை பேர் இத்தனை கேள்வி கேட்கிறார்களே, ஒரே ஒரு கேள்வியை யாருமே கேட்கவில்லை, கவனித்தீர்களா? 18 வருஷம் ஒழுங்காக வேலை செய்த ஒருத்தி ஏன் இன்னும் தற்காலிகம்? எல்லா விரலும் அவள் பக்கம்தான் நீள்கிறது, முதலாளி பக்கம் ஒன்றுகூட இல்லை. "மனநோய்" என்று சொல்லும் வாசகரும் அந்தத் தோழிகளோடு சேர்ந்து நின்றுதான் விரல் நீட்டுகிறார்.

நான் பி.காம். படிக்கிறவன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். கடையில் இருக்கும் ஃப்ரீசருக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதுவோம். அது ரிப்பேர் ஆனால் செலவு கடை கணக்கில் ஏறும். கெய்கோவுக்கோ, மறுநாள் வேலைக்கு உடம்பைத் தயாராக வைத்துக்கொள்வதும் கூலியில் அடக்கம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதாவது தூக்கம், சாப்பாடு, உடல்நலம் என்று எல்லாப் பராமரிப்பும் அவள் பொறுப்பு. ஃப்ரீசருக்கு உள்ள தேய்மானம் பக்கத்தில் நிற்கிற மனுஷிக்குக் கிடையாது. இது காமெடியா?

கெய்கோ தனி ஆளும் இல்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தை ஜப்பானில் ‘வேலைவாய்ப்புப் பனியுகம்’ என்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரக் குமிழி வெடித்தபின், படிப்பை முடித்து வந்த ஒரு தலைமுறைக்கே நிரந்தர வேலையின் கதவு மூடிக்கொண்டது. தற்காலிகத் தொழிலாளர்களை அனுப்பிவைக்கும் ஏஜென்சி முறையை 1999-ல் பெரும்பாலான துறைகளுக்கும், 2004-ல் தொழிற்சாலைகளுக்கும் திறந்துவிட்டார்கள். இன்று அங்கே சம்பளத்துக்கு வேலை செய்பவர்களில் பத்துக்குக் கிட்டத்தட்ட நான்கு பேர் நிரந்தரம் இல்லாதவர்கள். பெண்களை மட்டும் எடுத்தால் பாதிக்கும் மேல். பத்தில் நான்கு பேருக்கு மனநோய் என்று சொல்வீர்களா?

"அவளே சந்தோஷமாகத்தானே இருக்கிறாள், உனக்கென்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆமாம், சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். அவளைக் கடையை விட்டுப் போகச் சொல்வதும் நான் இல்லை, ஊர்தான். அந்த வேலைக்கு மரியாதையும் உத்தரவாதமும் ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி. ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கடையில் சோற்று உருண்டை வாங்கித் தின்கிற அதே ஊர்தான், "இதெல்லாம் ஒரு வேலையா" என்கிறது.

ஷிராஹா என்று ஒரு வெட்டிப்பயல் வருகிறான். அவள் வீட்டுக் குளியல் தொட்டியில் குடியேறி, அவள் போடும் சோற்றைத் தின்றுகொண்டு அவளையே திட்டுகிறான். ஆனால் வீட்டில் ஒரு ஆண் இருக்கிறான் என்று தெரிந்ததுமே எல்லோருக்கும் ஒரே குஷி! 18 வருஷ உழைப்பு வாங்கித் தராத மரியாதையை ஒரு தண்டச்சோறு வாங்கித் தந்துவிட்டது. அவன் பேச்சைக் கேட்டு வேலையை விட்ட பிறகுதான் அவள் நிஜமாகவே தனிமைப்படுகிறாள். எப்போது தூங்குவது, எதற்காகச் சாப்பிடுவது என்றே தெரியாமல் கிடக்கிறாள். கல்யாணம் ஆகாததால் வந்த தனிமை இல்லை அது, பிடித்த வேலையைப் பிடுங்கியதால் வந்தது.

முராடாவும் கல்லூரி நாளிலிருந்து கொன்பினியில் வேலை பார்த்தவர்தான். 2016-ல் இந்த நாவலுக்கு அகுதாகவா விருது கிடைத்தபோதும் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆகவே கவுன்டருக்கு வெளியே நின்று பரிதாபப்பட்டு எழுதியது இல்லை இது.

அடுத்த வருஷம் நானும் வேலை தேடி இறங்க வேண்டும். முதல் ஆஃபர் லெட்டரில் ‘தற்காலிகம்’ என்றுதான் இருக்கும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். நாளைக்கு நம்மில் ஒருத்தர் 18 வருஷம் அதே வார்த்தைக்குக் கீழே நின்றால், "உனக்கு என்னடா வியாதி?" என்று கேட்காதீர்கள். சம்பளப் பட்டியலை எழுதுகிறவரிடம் போய்க் கேளுங்கள்.