தோட்டப் பகுதி: பூஜைக்கு ஒரு செடி, போட்டிக்கு ஒரு செடி

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ரோஜாவுக்கு முகூர்த்த காலம். வசந்தத்தில் ஃபார்சித்தியா மஞ்சளாகப் பூக்கும்போது கவாத்து செய்த செடிகள் எல்லாம் ஒன்றாக மலர்ந்து நிற்கும். ஊர்தோறும் உள்ள ரோஜாச் சங்கங்கள் தங்கள் கண்காட்சியை இந்தச் சமயத்தில் வைத்துக் கொள்வது வழக்கம். கோயிலுக்குக் கூடையில் பூக் கொண்டுவரும் அங்கத்தினர்களைப் பார்த்து, "மாமி, இதைப் போட்டியில் வைத்தால் என்ன?" என்று மற்றவர்கள் கேட்பதும் இந்தச் சமயத்தில்தான். தாராளமாக வைக்கலாம். ஆனால் பூஜைக்குப் பறித்ததில் நாலைப் பொறுக்கி எடுத்துப் போவது என்றால், காரில் பெட்ரோல் போட்டதுதான் மிச்சமாகும்.

உள்ளூர்க் கண்காட்சிகள் பெரும்பாலும் அமெரிக்கன் ரோஸ் சொஸைட்டியின் விதிகளைப் பின்பற்றுகின்றன. 1892-ல் தோன்றிய அந்தச் சங்கம் பயிற்சி கொடுத்து அங்கீகரித்தவர்களே நடுவர்களாக வருகிறார்கள். கண்காட்சி நடத்தும் உள்ளூர்ச் சங்கம் ஒரு சிறு புத்தகம் வெளியிடும். எத்தனை வகுப்புகள், ஒவ்வொன்றிலும் எத்தனை தண்டு, எந்த நேரத்துக்குள் கொண்டு வந்து சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கத்தரிக்கோலை எடுக்குமுன் இந்தப் புத்தகத்தை எடுக்க வேண்டும். நல்ல பூ வைத்திருந்தும் தோற்றுப் போகிறவர்களில் பலர் இதைப் படிக்காதவர்கள்.

முதல் விதி, பூ போட்டியாளரின் சொந்தத் தோட்டத்தில், திறந்த வெளியில் வளர்ந்ததாக இருக்க வேண்டும். கடையில் வாங்கியது கூடாது, கண்ணாடி வீட்டில் வளர்த்ததும் கூடாது. கோயில் நந்தவனத்தில் பல பேர் சேர்ந்து தண்ணீர் ஊற்றி வளர்த்த செடியின் பூவை, அதில் அதிகம் பாடுபட்டவரே ஆனாலும், தம் பெயரில் வைக்க முடியாது. அது அவருடைய தோட்டம் அல்ல. விதி இல்லாவிட்டாலும் இது நியாயந்தான்.

இரண்டாவது, பெயர். ஒவ்வொரு பூவுடனும் ஒரு சீட்டு வைக்க வேண்டும். அதில் வகுப்பு எண், ரோஜாவின் பெயர், வளர்த்தவரின் பெயர் எல்லாம் எழுதி, வளர்த்தவரின் பெயர் உள்ள பாகத்தை மடித்து ரப்பர் வளையம் போட்டுவிட வேண்டும். யாருடைய பூ என்று நடுவருக்குத் தெரியவே கூடாது. ரோஜாவின் பெயர் விடுபட்டாலும், தவறாக இருந்தாலும் பூ போட்டியிலிருந்து நீக்கப்படும். எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. "சிவப்பு ரோஜா", "பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பதியன்" என்பவை பெயர்கள் ஆகா. அதிலும் ஒரு சங்கடம் உண்டு. 1945-ல் 'பீஸ்' என்று இந்த நாட்டில் அறிமுகமான புகழ் பெற்ற ரோஜாவுக்குப் பிரான்சில் 'மதாம் ஏ. மெய்யான்', ஜெர்மனியில் 'குளோரியா டேய்', இத்தாலியில் 'ஜோயா' என்று பெயர். சுவாமிக்கு ஆயிரம் நாமம் சொல்லி அர்ச்சனை செய்யலாம், எல்லாம் ஒருவரையே சேரும். கண்காட்சியில் அங்கீகரித்த பெயர் ஒன்றுதான். அந்தப் பெயர்களைத் தொகுத்து ரோஸ் சொஸைட்டி கைப்புத்தகம் போட்டிருக்கிறது. செடி வாங்கியபோது அதில் கட்டியிருந்த தகட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

மூன்றாவது, வகுப்பு. இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒரு தண்டில் ஒரே பெரிய பூவாக வருவது ஹைப்ரிட் டீ. கொத்தாகப் பூப்பது புளோரிபண்டா. இரண்டு குணமும் கலந்தது கிராண்டிபுளோரா. 1954-ல் வந்த 'குவீன் எலிசபெத்' அந்த வகையின் முதல் ரோஜா. பிறகு சின்னஞ்சிறு மினியேச்சர், அதைவிடச் சற்றுப் பெரிய மினிபுளோரா, படர்கொடிகள், பழங்கால ரோஜாக்கள் என்று போகும். இவற்றைச் சில கண்காட்சிகளில் நிறவாரியாகவும் பிரிப்பார்கள். நிறத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது, கைப்புத்தகத்தில் உள்ளபடியே போட வேண்டும். 'பீஸ்' இளஞ்சிவப்பு விளிம்போடு மலர்ந்தாலும் அது மஞ்சள் கலவை வகுப்புக்குரியது. 'டபிள் டிலைட்' வெள்ளையாகத் தொடங்கினாலும் சிவப்புக் கலவை. போட்டியாளர் தவறான வகுப்பு எண்ணை எழுதிவிட்டால் நடுவர் இரக்கப்பட்டு மாற்றி வைக்க மாட்டார். நீக்கிவிடுவார்.

ஹைப்ரிட் டீயின் ஒற்றைப் பூ வகுப்பில் தண்டில் பக்க மொட்டு இருக்கக் கூடாது. பட்டாணி அளவு இருக்கும்போதே அதைக் கிள்ளிவிட வேண்டும்; கடைசி நாளில் கிள்ளினால் வடு தெரியும். புளோரிபண்டாவில் நேர்மாறு. அங்கே கொத்தின் நடு மொட்டுத்தான் முதலில் மலர்ந்து முதலில் வாடும் என்பதால், அதைச் சிறிதாக இருக்கையிலேயே எடுத்துவிட்டால், சுற்றியுள்ளவை ஒன்றாக மலர்ந்து நடுவில் பள்ளம் தெரியாமல் மூடிக்கொள்ளும். பூக்காரியிடம் பூ வாங்கிப் பழகிய கைகளுக்கு, மொட்டைக் கிள்ளி எறிய மனம் வராது. பழக வேண்டியதுதான்.

மதிப்பெண் 100. பூவின் வடிவத்துக்கு 25, நிறத்துக்கு 20, தண்டுக்கும் இலைக்கும் 20, இதழின் கெட்டிக்கும் புத்துணர்ச்சிக்கும் 15, பூவும் தண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்பதற்கு 10, பருமனுக்கு 10. ஹைப்ரிட் டீ பாதிக்கும் முக்கால் பாகத்துக்கும் இடைப்பட்ட நிலையில் மலர்ந்திருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் வட்டம், பக்கத்திலிருந்து பார்த்தால் கோபுரம்போல நடு எழும்பி நிற்க வேண்டும். முழுக்க மலர்ந்து கேசரம் தெரியும் பூக்களுக்குப் பல கண்காட்சிகளில் தனி வகுப்பு உண்டு. அதில் கேசரம் கறுக்காமல் புதிதாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

கூட்டிப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வாசனைக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை.

தமிழ் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது ஜீரணமாகாத விஷயம். வாசனை இல்லாத ரோஜாவைச் சென்னையில் காகிதப் பூ என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் வாசனை காலைக்கும் மாலைக்கும் மாறும், குளிரில் அடங்கும், நடுவரின் மூக்குக்கு மூக்கு வேறுபடும். குளிர்பெட்டியிலிருந்து வந்து ஒரு மணி நேரமே ஆன பூவை முகர்ந்து மதிப்பெண் போடுவது எப்படி? சில கண்காட்சிகள் வாசனைக்கென்று தனி வகுப்பு வைத்து மனக்குறையைத் தீர்க்கின்றன. ரோஸ் சொஸைட்டியும் மணமுள்ள வகைகளுக்கு கேம்பிள் பதக்கம் என்று ஒன்றை வழங்கி வந்திருக்கிறது. 1970-ல் 'பிராக்ரண்ட் கிளவுட்', 1986-ல் 'டபிள் டிலைட்' அதைப் பெற்றன. மணத்துக்காக ரோஜா வளர்ப்பவர்கள் செடி வாங்கும்போது அந்தப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. வெற்றிக் கோப்பை மேஜையில் நிற்கும் பூக்களில் வாசனையை எதிர்பார்த்துக் குனிந்தால் ஏமாற்றமே மிஞ்சக்கூடும்.

பூஜைக்கு ஒரு செடி, போட்டிக்கு ஒரு செடி என்று பிரிக்க வேண்டியதற்கு வாசனை மட்டும் காரணம் அல்ல. மருந்துதான் முக்கியக் காரணம். தண்டுக்கும் இலைக்கும் 20 மதிப்பெண் இருப்பதால் ஓர் இலையில்கூடக் கரும்புள்ளி இல்லாமல் காக்க வேண்டும். கிழக்குக் கரையின் ஈரமான கோடையில் இதற்காகப் பலர் வாரம் ஒரு முறையோ பத்து நாளுக்கு ஒரு முறையோ பூஞ்சண மருந்து தெளிக்கிறார்கள். பூச்சிக்கு வேரில் ஊற்றும் மருந்துகள் உண்டு. இமிடாகுளோபிரிட் போன்றவை தண்டு வழியே ஏறி இலை, பூ, மகரந்தம் எங்கும் பரவும். கழுவினால் போகாது. அந்தச் செடியின் இதழைத் தீர்த்தத்தில் போட்டால், அதைக் குடிப்பவர்கள் குழந்தைகளும் வயதானவர்களும். அப்படிப்பட்ட இதழில் குல்கந்து செய்வதும், பன்னீர் எடுப்பதும் கூடவே கூடாது. மருந்து டப்பாவின் மேல் உள்ள குறிப்பில் உணவுச் செடிகளுக்கும் உகந்தது என்று எழுதியிராத எதையும் தெளித்த செடியின் பூ, வாயருகே வரக் கூடாது.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. குளிர்காலம் முழுதும் ஜன்னலோரம் காப்பாற்றிய துளசித் தொட்டியை, வெயில் வந்ததும் வெளியே கொண்டுபோய் ரோஜாப் பாத்திக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். ரோஜாவுக்கு அடித்த மருந்து காற்றில் துளசியின் மேலும் படியும். துளசி நேராக வாய்க்குள் போகிற இலை. மருந்து அடிக்கும் தோட்டத்தில் துளசி வீட்டின் மறுபக்கத்தில் இருப்பதே சரி.

பூஜைச் செடி எளிது. நோய் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்கி, மருந்தில்லாமல், இலையில் இரண்டு புள்ளி விழுந்தாலும் பாராட்டாமல், பூவை மட்டும் குட்டைக் காம்போடு பறித்துக் கொள்ளலாம். போட்டிக்கோ ஒன்றேகால் அடி, ஒன்றரை அடித் தண்டு இலைகளோடு வேண்டும். அவ்வளவு நீளம் வெட்டினால் செடியின் பலமும் கூடவே போகும். நட்ட முதல் வருஷத்துச் செடியை அப்படி வெட்டக் கூடாது.

வெட்டிய தண்டை உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி, தண்ணீர் ஏறிய பிறகு குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். 36 டிகிரி பாரன்ஹீட் அளவில் இரண்டு மூன்று நாள் அப்படியே நிற்கும். ஆனால் ஆப்பிள் இருக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது. பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு ரோஜாவை முதுமையாக்கி உதிர வைத்துவிடும். குளிர்பெட்டியில் இடம் பிடிப்பதற்கு வீட்டில் நடக்கும் பேச்சுவார்த்தையைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை. இட்லி மாவுப் பாத்திரத்துக்கும் ரோஜாவுக்கும் நடக்கும் போட்டியில் மாவுதான் ஜெயிக்கும். பழைய பெட்டி ஒன்றைக் கராஜில் வைத்துக் கொள்ளும் ரோஜாப் பிரியர்கள் அதனாலேயே உண்டு.

கண்காட்சி நாள் காலையில் அலங்காரம் செய்ய நேரம் தருவார்கள். அடிபட்ட வெளியிதழ் ஒன்றை எடுக்கலாம். இலையின் கிழிந்த ஓரத்தை அதன் வடிவத்திலேயே கத்தரிக்கலாம். இலைத் தூசியை மென்மையான துணியால் துடைக்கலாம். இதழ் விரிவதற்காக இடையில் பஞ்சு செருகி வைத்தால், நடுவர் வருமுன் அதை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். இலை பளபளப்பதற்காக எண்ணெயோ பாலோ தடவுவது மட்டும் கூடாது. ஊரில் குரோட்டன்ஸ் இலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய பழக்கத்தில் இதைச் செய்துவிட்டால், வெளிப்பொருள் சேர்த்ததாகக் கருதிப் பூவை நீக்கிவிடுவார்கள். ஒரு பழைய தண்டின் துண்டு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்படி, இரண்டு பருவ வளர்ச்சியையும் சேர்த்து வெட்டிய தண்டுக்கும் அதே கதி. வெட்டும்போதே கணுவுக்கு மேலே வெட்டிவிட்டால் பிரச்னை இல்லை.

பன்னீர் ரோஜாவின் மேல் ஆசை விடாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அது டமாஸ்க் குடும்பத்தைச் சேர்ந்தது. பல்கேரியாவில் அத்தருக்கு வளர்க்கும் 'கஸான்லிக்', ஆண்டில் மறுமுறையும் பூக்கும் 'ஆட்டம் டமாஸ்க்' இரண்டும் இங்கே பழைய ரோஜாக்கள் விற்கும் பண்ணைகளில் கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் மாலைக்கு வளர்க்கும் எட்வர்டு ரோஜாவின் போர்பன் குடும்பமும் பழங்கால வகுப்பில்தான் வரும். முதல் ஹைப்ரிட் டீயாகக் கருதப்படும் 'லா பிரான்ஸ்' 1867-ல் வந்தது. அதற்கு முன் வந்த ரோஜாக்களில் சிறந்ததற்கு 'டவேஜர் குவீன்' என்று தனிப் பட்டம் கொடுக்கிறார்கள். இந்தப் பூக்களுக்குக் கோபுர வடிவம் வேண்டாம், பக்க மொட்டையும் கிள்ள வேண்டாம். மருந்தும் அதிகம் கேட்காதவை பல. பூஜை, போட்டி இரண்டுக்கும் ஒரே செடி என்றால் அது இதுவாகத்தான் இருக்க முடியும்.

இன்னொரு சுலபமான வகுப்பு, கிண்ணத்தில் மிதக்கும் ரோஜா. தண்டும் இலையும் இல்லாமல் ஒரு பூவைத் தண்ணீரில் மிதக்க விட வேண்டும். வாசலில் உருளியில் பூ மிதக்க விட்டுப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இதுவரை முதல் பரிசான நீல ரிப்பன் வாங்காதவர்களுக்கென்று புதியவர் வகுப்பும் பெரும்பாலான கண்காட்சிகளில் இருக்கிறது. முதல் வருஷம் அதில் இறங்குவதே புத்திசாலித்தனம்.

கண்காட்சி முடிந்ததும் பூக்களை என்ன செய்வது என்ற கேள்வியும் எழும். மூன்று நாள் முன் வெட்டியது, மருந்து பட்டது, ஊரே முகர்ந்து பார்த்தது. சந்நிதிக்கு அது ஆகாது. மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் அனுப்பும் வழக்கம் பல ரோஜாச் சங்கங்களில் இருக்கிறது. அங்கே கொடுத்துவிடலாம்.

இந்த வருஷம் பூ தயாராக இல்லாதவர்கள் செப்டம்பர்க் கண்காட்சியைக் குறி வைக்கலாம். வாடிய பூவை வெட்டிய நாளிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் அடுத்த பூ வரும். ஆகவே ஜூலைக் கடைசி வாரத்தில் கணக்குப் பார்த்து வெட்ட வேண்டும். அதற்குள் ஜூன் கண்காட்சிக்குப் போய் நடுவருக்கு உதவியாளராக, கிளார்க் என்பார்கள், பெயர் கொடுத்துக் கொள்ளலாம். சீட்டில் குறிப்பதும் ரிப்பன் வைப்பதும்தான் வேலை. தீர்ப்பு நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது. ஆனால் ஒரு பூவை ஏன் தள்ளினார்கள், ஒன்றை ஏன் எடுத்தார்கள் என்று பக்கத்தில் நின்று கேட்கலாம். பொதுமக்களுக்குக் கதவு திறப்பது சாதாரணமாகப் பிற்பகலில்தான். கிளார்க்குகள் காலையிலேயே உள்ளே இருப்பார்கள்.