குதிரையை விற்கிறான், கடிவாளத்தை விற்பதில்லை

போன ஞாயிற்றுக்கிழமை காலை நடையில் எங்கள் நால்வருக்குள் பெரிய வாக்குவாதம். காரணம் எங்கள் வீதியின் கடைசி வீட்டுப் பையன். வெளிநாட்டிலிருந்து அவனுக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியிருக்கிறது. உள்ளே சூப்பர்சார்ஜர் கிட். தன்னுடைய பழைய பெட்ரோல் காரில் அதை வீட்டு போர்டிகோவிலேயே வைத்து மாட்டப் போகிறானாம்.

"போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லி வெச்சரலாமுங்க" என்றார் ரிட்டையர்டு தாசில்தார். "காசு கொழுப்பு" என்றார் பாங்க்காரர். நான்காவது ஆள் என் பால்ய சிநேகிதன். கைத்தடியை ஊன்றிக் கடைசியில் மெதுவாக வந்துகொண்டிருந்தவன், "ஏப்பா, அந்தப் பெட்டிக்குள்ள பிரேக் இருக்குதா?" என்று கேட்டான். மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் முப்பத்தெட்டு வருஷம் மோட்டார் ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். அந்த உரிமையில் இன்று மூன்று பேரோடு சண்டை போடப் போகிறேன். கிட் விற்கிறவன், சட்டம் போட்டவர்கள், எங்கள் நடைக் குழுவைப் போன்ற பெரியவர்கள். பையனோடு சண்டை இல்லை. அவனிடம் பேசவேண்டியதைப் பேசிவிட்டேன்.

முதலில் சமாச்சாரம் என்னவென்று பார்ப்போம். இன்ஜின் என்பது காற்றை உறிஞ்சி, பெட்ரோல் கலந்து எரிக்கும் பம்ப். பம்ப் செய்யும் ஊரில் இருக்கும் நமக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அவ்வளவு பெட்ரோல்தான் எரியும். சாதாரண இன்ஜின், வெளியே இருக்கும் காற்றழுத்தத்தை நம்பிப் பிழைக்கிறது. அது கடல் மட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினின் பெல்ட்டிலேயே ஓடும் ஒரு காற்றூதி. அது இன்னும் ஆறேழு பவுண்டு அழுத்தத்தில் காற்றைத் திணிக்கும். உள்ளே போகும் காற்று கணக்குப்படி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. காற்று சூடாவதிலும் ஊதியைச் சுற்றுவதிலும் போனது போக, 100 குதிரைசக்தி வண்டி 130, 140 என்று இழுக்கும்.

இது நேற்று முளைத்த விஷயம் அல்ல. அமெரிக்காவின் இந்தியானாவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் உரிமம் வாங்கிய காற்றூதி, இரும்பு உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊதிக்கொண்டிருந்தது. அதே தத்துவம்தான் பின்னால் காருக்குள் வந்தது. 1920-களிலேயே மெர்சிடிஸ் கம்பெனி சூப்பர்சார்ஜர் வைத்த கார்களை விற்றது. ஆக, பையன் ஆசைப்பட்டது பைத்தியக்காரத்தனம் இல்லை. நூறு வருஷ வித்தை.

சரி, இப்போது கிட் விற்கிறவனிடம் வருகிறேன்.

பையன் என்னைத் தேடி வந்து, "பெரியப்பா, உங்க டார்க் ரெஞ்சை ரெண்டு நாளைக்குக் குடுங்க, சனி ஞாயிறுல முடிச்சரலாம்னு வீடியோவுல சொல்றாங்க" என்றான். போய்ப் பெட்டியைப் பார்த்தேன். வேலைப்பாடு அருமை. ஊதி, அதைத் தாங்கும் பிராக்கெட், நீளமான பெல்ட், சூடான காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர் நாலு, குழாய்கள், கிளிப்புகள். போல்ட்டைக் கழற்றி மாட்டத் தெரிந்தவன் இரண்டு நாளில் மாட்டிவிடலாம் என்பது உண்மைதான். மாட்டுவது வேலையில் பாதிகூட இல்லை என்பதை மட்டும் வீடியோக்காரன் சொல்லவில்லை.

காற்று கூடினால் பெட்ரோலும் சரியாகக் கூட வேண்டும். கலவையில் பெட்ரோல் குறைந்தால் உள்ளே சூடு எகிறும். கூடவே, அழுத்தப்பட்ட கலவையில் எரியாமல் மிச்சமிருப்பது, ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ வந்து சேரும்வரை காத்திருக்காமல் தானே வெடிக்கும். இதைத்தான் நாங்கள் நாக்கிங் என்போம். சுத்தியால் தட்டுவது போலச் சத்தம் வரும். கவனிக்காமல் மிதித்துக்கொண்டே போனால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும், அல்லது ரிங் உடையும், ஹெட் காஸ்கெட் போகும். இதைத் தடுக்க இன்ஜின் கம்ப்யூட்டரில் பெட்ரோல் அளவையும் பற்றவைக்கும் நேரத்தையும் அந்த வண்டிக்கென்றே திருத்தி எழுத வேண்டும். புகையில் மீந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் கருவியை மாட்டி, ஓட்டிப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது.

இன்னொன்று கேளுங்கள். கிட்டோடு வந்த தாளில் '91 ஆக்டேன் பெட்ரோல் மட்டும் போடவும்' என்று இருந்தது. "அப்ப நம்ம ஊர்ல 91-னு போட்ட பெட்ரோலே போதுமுங்க பெரியப்பா" என்று பையன் சந்தோஷப்பட்டான். அங்கேதான் விஷயம். அமெரிக்காவில் இரண்டு விதச் சோதனைகளின் சராசரியை எடுத்து எண் போடுகிறார்கள். நம் நாட்டில் ஒரு சோதனையின் எண்ணை மட்டும் போடுகிறோம். அவர்களுடைய 91, நம் கணக்கில் 95-க்கும் மேலே. அவர்கள் ஊர்த் தாளைப் படித்து நம் கணக்கில் 91 என்று போட்ட பெட்ரோலை ஊற்றினால் நாக்கிங் வர வாய்ப்பு அதிகம். கிட்டை இந்தியாவுக்கு அனுப்பி லட்சக்கணக்கில் காசு வாங்கத் தெரிந்தவனுக்கு, இந்த ஒரு வரியை அச்சடித்து உள்ளே போடத் தெரியவில்லை.

இதெல்லாம் இன்ஜினுக்கு வரும் கேடு. பணத்தோடு போகிற கேடு. என் சிநேகிதன் கேட்ட கேள்வி இதைவிடப் பெரியது.

1974-ல் எனக்கு வயது இருபத்து மூன்று. ஒரு பழைய ஃபியட் 1100-ஐ வாங்கி, இரட்டை கார்புரேட்டர் மாட்டி, சிலிண்டர் ஹெட்டைச் சீவிக் கம்ப்ரெஷன் ஏற்றினேன். சோழவரம் விமானத்தளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்துவிட்டு வந்த மயக்கம். வண்டி பறந்தது. பல்லடம் ரோட்டில் என் பக்கத்தில் சிநேகிதன். புளியமர நிழலில் 90-க்கு மேலே போய்க்கொண்டிருந்தபோது பருத்தி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று குறுக்கே திரும்பியது. பிரேக்கை மிதித்தேன். நாலு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். அதில் நான் கை வைக்கவே இல்லை, வைக்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதியது. எனக்கு நெற்றியில் ஐந்து தையல். அவனுக்கு இடது தொடை எலும்பு. ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கைத்தடி அதனால்தான். அவன் என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதனால் எனக்குப் பாரம் குறையவில்லை.

கணக்கு எளியது. வேகம் ஒன்றரை மடங்கானால், நிறுத்துவதற்கு பிரேக் விழுங்கவேண்டிய சக்தி இரண்டேகால் மடங்கு. நல்ல சாலையில் நல்ல டயரோடு 60-ல் மிதித்தால் 20 மீட்டரில் நிற்கும் வண்டிக்கு, 90-ல் 45 மீட்டர் வேண்டும். நாம் மிதிக்கலாம் என்று நினைத்து முடிப்பதற்குள் ஓடிவிடும் தூரம் தனி. தொழிற்சாலையில் ஒரே காரில் பெரிய இன்ஜின் வைக்கும்போது பெரும்பாலும் பெரிய டிஸ்க், அகலமான டயர், கெட்டியான கிளட்ச் எல்லாம் கூடவே வரும். கிட் பெட்டியில் அதெல்லாம் வராது. குதிரையை விற்கிறான், கடிவாளத்தை விற்பதில்லை. அதைத்தான் நான் மோசடி என்கிறேன்.

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில், மீறினால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வந்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கவும் இடமுண்டு. இதையெல்லாம் பையனிடம் மறைக்காமல் சொன்னேன். ரோட்டில் ஓட்டும் வண்டியில் இதை மாட்டுவது இன்றைய தேதியில் குற்றம்.

சட்டத்தை மதிக்கிறேன். ஆனால் அதே 52-ஆம் பிரிவில், வேறு எரிபொருளுக்கு மாற்றும் கிட்டுக்கு வழி வைத்திருக்கிறார்களே! சோதனை நிலையம் ஒப்புதல் கொடுத்த சி.என்.ஜி. கிட், அங்கீகாரம் பெற்ற ஃபிட்டர், ஆர்.சி. புத்தகத்தில் பதிவு. முடிந்தது வேலை. அதிக அழுத்தத்தில் வாயுவை அடைத்த சிலிண்டரை டிக்கியில் வைக்க முறை வகுக்க முடிந்தவர்களுக்கு, ஒரு காற்றூதிக்கு முறை வகுக்க முடியாதா?

மகள் வீட்டுக்குக் கலிபோர்னியா போயிருந்தபோது, எதிர் வீட்டுக்காரர் தன் கராஜில் இதே வேலையைச் செய்வதைப் பார்த்தேன். புகை விஷயத்தில் அமெரிக்காவிலேயே கறாரான மாநிலம் அது. அங்கே கிட் செய்கிறவன் முதலில் மாநில காற்று வாரியத்திடம் சோதனைக்குக் கொடுத்து ஓர் உத்தரவு எண் வாங்க வேண்டும். அந்த எண் அச்சிட்ட ஸ்டிக்கர் பானெட்டுக்கு அடியில் ஒட்டப்படும். புகைச் சோதனைக்குப் போகும்போது அந்த எண்ணைப் பார்க்கிறார்கள். எண் இல்லாத கிட் என்றால் வண்டி தேறாது. அவர்கள் புகையைத்தான் பார்க்கிறார்கள், பிரேக்கைப் பார்ப்பதில்லை. நாம் இரண்டையும் பார்க்கலாம். பிரேக்கும் டயரும் சேர்ந்து வராத கிட்டுக்கு எண் கிடையாது என்று ஒரு வரி போதும்.

கதவே வைக்காமல் சுவர் கட்டினால் ஆட்கள் ஏறிக் குதிக்கத்தான் செய்வார்கள். இன்று நம் ஊர் ஷெட்டுகளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நடக்கும் வேலைகளை நான் அறிவேன். மறைத்துச் செய்கிறவன் பிரேக்கைப் பரிசோதிக்க யாரிடம் போவான்?

கடைசியாக, என் வயதுக்காரர்களுக்கு. நாம் மறந்துவிட்டோம். இந்த ஊர் கெட்டிக்காரக் கைகளால் வளர்ந்த ஊர். மாருதி 800 இன்ஜினை வைத்து இங்கே பந்தயக் கார் கட்டினார் கரிவரதன். செட்டிபாளையம் ஓடுதளம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஒரு பையன் செல்போனைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுக்கிறான் என்றால், போலீசுக்குச் சொல்வதா நம் வேலை? கூட உட்கார்ந்து, "கண்ணு, இது ரோட்டுக்கு ஆகாது, ஓடுதளத்துக்கென்று தனி வண்டி வெச்சுக்கோ, அதுலயும் பிரேக்கை முடிச்சுட்டு அப்புறம் இன்ஜினைத் தொடு" என்று சொல்ல நமக்கு வாய் இல்லையா? 1974-ல் எனக்கு அப்படிச் சொல்ல ஒரு பெரியவர் இருந்திருந்தால் என் சிநேகிதன் இன்று முன்னால் நடந்துகொண்டிருப்பான்.

பெட்டி இன்னும் அந்த போர்டிகோவில்தான் இருக்கிறது. டார்க் ரெஞ்சை நான் கொடுக்கவில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை உன் வண்டிய ஜாக்கியில ஏத்தி நாலு சக்கரத்தையும் கழட்டு, பிரேக் எந்த லட்சணத்துல இருக்குதுன்னு முதல்ல பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறேன். சரிங்க பெரியப்பா என்றிருக்கிறான். சிநேகிதனும் வருகிறேன் என்கிறான். நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பானாம்.