அருந்ததியை இரவில் காட்டுங்கள்

பாலக்காட்டிலும் மூணாறிலும் நம் கல்யாணங்களில் மணமகளுக்கு அருந்ததி காட்டுகிறோம். பெரும்பாலும் பகலில்! நட்சத்திரம் தெரியாது, சடங்கு முடிந்துவிடும்.

அங்கே இருப்பதைப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? தொலைநோக்கியில் பார்த்தால், பக்கத்திலுள்ள வசிஷ்டரே இரண்டு. அவ்விரண்டும் தனித்தனியே இரட்டைகள். அருந்ததிக்கும் ஒரு துணை உண்டென்று 2009-இல் தெரிந்தது. ஆக, ஆறு விண்மீன்கள்!

வேறு சில இரட்டைகளில், எரிந்து சுருங்கிய விண்மீன் தன் துணையின் பொருளை இழுத்துப் பெருக்கும். சூரியனைப்போல் 1.4 மடங்கு எடையை நெருங்கினால் வெடித்துச் சிதறும். அந்த எல்லையைக் கணித்தவர் சென்னையில் படித்த சந்திரசேகர்; 1983-இல் நோபல் பரிசு பெற்றார்.

மேகமில்லாத சித்திரை இரவில், மலையாளமும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு வடவானைக் காட்டி, இதைத் தமிழில் சொல்லுங்கள். விஞ்ஞானம் பேசாத தமிழ், சடங்குக்கு மட்டுமே மிஞ்சும்.