துடைக்கத் துடைக்கத் தேயும் கார்

சென்னை, கோவை, மதுரை என்று எந்த ஊரின் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் அதிகாலையில் நுழைந்தாலும் ஒரே காட்சிதான். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, வரிசையாகப் பத்துப் பதினைந்து கார்கள். முதல் காரைத் துடைத்த துணியை அதே வாளியில் முக்கிப் பிழிந்துகொண்டு அடுத்த காருக்குப் போகிறார் துடைப்பவர். தனி வீடுகளில் அந்த வாளியும் கிடையாது. டிக்கியில் கிடக்கும் மஞ்சள் துணியையோ பழைய பனியனையோ எடுத்து, மேலே படிந்த தூசியை வறட்டுத் துணியால் தள்ளிவிட்டு வண்டியைக் கிளப்புகிறோம். இரண்டு மூன்று ஆண்டுகளில் பெயின்ட் மங்கியதும் சர்வீஸுக்கு விடும்போது பாலிஷ் போடச் சொல்கிறோம். அக்கறையோடு செய்யும் இந்த இரண்டு வேலைகளும்தான் காரின் மேற்பூச்சைத் தேய்த்துத் தீர்க்கின்றன. தினசரித் துடைப்பை விட்டுவிட்டு, வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை வீட்டு வாசலில் முறையாகக் கழுவினால், பாலிஷ் போடும் தேவை பெரும்பாலும் எழாது என்பதே என் வாதம்.

காரின் நிறம் ஒரே பூச்சு போலத் தோன்றினாலும், தொழிற்சாலையில் அது நான்கு அடுக்காக ஏறுகிறது. தகட்டு உடலை முதலில் ஒரு தொட்டியில் முழுதாக முக்கி, மின்சாரம் பாய்ச்சித் துருத் தடுப்புப் பூச்சை ஒட்டவைக்கிறார்கள். அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். நான்கும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் வரைதான் வரும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். அச்சிடப் பயன்படும் ஏ4 தாளின் கனமே ஏறத்தாழ 100 மைக்ரான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான். சராசரித் தலைமுடியின் பருமனைவிடக் குறைவான இந்தத் தோல்தான் பளபளப்பைத் தருகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிக் கீழே உள்ள நிறத்தைக் காப்பதும் இதுதான். பழைய அம்பாசிடர் காலத்துப் பூச்சில் நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் இருந்தன. மங்கிய மேல்பகுதியைத் தேய்த்தெடுத்தால் அடியில் அதே நிறம் புதிதாக வெளிவரும். தேய்த்த துணியிலும் அந்த நிறம் ஏறும். தேய்த்தால் கார் மின்னும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் நியாயமானதுதான். 1980களில் உலக அளவில் பரவத் தொடங்கிய கிளியர் கோட் முறை நம் சாலைகளுக்கும் வந்தபின், அதே தேய்ப்பு மீண்டும் வளராத ஒரு தோலைச் சீவும் வேலையாகிவிட்டது.

இனி தூசியைப் பார்ப்போம். நம் சாலைகளில் பறப்பதில் பெரும்பகுதி மண்ணும் மணல் துகளும். மணலில் நிறைந்திருப்பது குவார்ட்ஸ். பொருள்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. ஜன்னல் கண்ணாடிக்கே ஐந்தரைதான். கிளியர் கோட்டோ கண்ணாடியைவிடப் பல மடங்கு மென்மையான பிளாஸ்டிக் வகை. காரின் மேல் சும்மா படிந்திருக்கும் தூசி எதையும் கீறுவதில்லை. அதன்மேல் துணியை வைத்து அழுத்தி இழுக்கும் நொடியில் ஒவ்வொரு துகளும் உளியாகிறது. ஈரத்துணி என்றாலும் நிலைமை பெரிதாக மாறாது. முதல் இரண்டு வீச்சிலேயே துணி மண்ணால் நிறைந்துவிடுகிறது. வாளியில் முக்கியதும் அந்த மண் அடியில் தங்கி, அடுத்த முக்கலில் மீண்டும் துணியோடு ஏறி வருகிறது. வருடத்தில் முந்நூறு நாள் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதைக் கறுப்பு நிறக் காரை உச்சி வெயிலில் நிறுத்திப் பார்த்தால் தெரியும். சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாகக் கோடுகள். துணியை வட்டமாகச் சுழற்றியதால் இவை வந்தன என்று பலர் நினைக்கிறார்கள். கீறல்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. ஒளிக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால் அவை வட்டமாகத் தோன்றுகின்றன. நெடுநாள் புழங்கிய எவர்சில்வர் தட்டை விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்தால் அதிலும் இதே வட்டங்கள் தெரியும். வெள்ளைக் காரிலும் இந்தக் கீறல்கள் இருக்கின்றன, கண்ணுக்குப் படுவதில்லை.

இந்தக் கீறல்களுக்கு மருந்தாக விற்கப்படுவதுதான் பாலிஷ். இங்கே சொல்லே ஒரு குழப்பத்தை வளர்க்கிறது. நம் கடைகளில் ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ், வாக்ஸ் மூன்றையும் பொதுவாகப் பாலிஷ் என்றே சொல்கிறார்கள். உண்மையில் இவை நேரெதிர் வேலை செய்பவை. காம்பவுண்டிலும் பாலிஷிலும் அலுமினியம் ஆக்சைடு போன்ற நுண்ணிய அரம் இருக்கிறது. கீறல் ஒரு பள்ளம் என்றால், அந்தப் பள்ளத்தின் அடிமட்டம் வரை சுற்றுப்புறம் முழுவதையும் இவை தேய்த்துத் தாழ்த்துகின்றன. கீறல் மறைவதன் பொருள், அது இருந்த ஆழம் வரை பூச்சு போய்விட்டது என்பதே. வாக்ஸ் அப்படி எதையும் எடுப்பதில்லை, மேலே மெல்லிய படலமாக உட்கார்கிறது. கார் வாக்ஸில் பேர்பெற்ற கார்னோபா, பிரேசிலின் வடகிழக்கு மாநிலங்களில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையில் படியும் மெழுகு. வறண்ட நிலத்தில் தன் ஈரம் வற்றாமல் இருக்க அந்தப் பனை தானே பூசிக்கொள்ளும் காப்பு அது. சேர்க்கும் பொருளுக்கும் சீவும் பொருளுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால், வருடம் ஒருமுறை காருக்கு எதையோ பூசுகிறோம் என்று நம்பிக்கொண்டு, வருடம் ஒருமுறை அதை இழைத்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் போவது சில மைக்ரான்தான். ஆனால் இருப்பதே 40, 50 மைக்ரான் என்னும்போது அந்தச் சில மைக்ரான் சின்ன விஷயம் அல்ல. கதவின் விளிம்பு, பானெட்டின் மடிப்பு போன்ற இடங்களில் பூச்சு இன்னும் மெலிதாக இருக்கும். பழகாத கை சுழல் இயந்திரத்தை அங்கே கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால், சூட்டிலேயே கிளியர் கோட் கழன்று நிறம் வெளியே வந்துவிடும். அதற்குப்பின் பெயின்ட் அடிப்பதைத் தவிர வழி இல்லை.

அப்படியானால் வீட்டில் எப்படிக் கழுவுவது? முறை எளிது, ஆனால் வரிசை முக்கியம். வண்டி நிழலில் நிற்க வேண்டும், பானெட் சூடாறியிருக்க வேண்டும். முதலில் துணியே படாமல் மேலிருந்து கீழாகத் தண்ணீர் ஊற்றித் தளர்ந்த மண்ணை இறக்கிவிட வேண்டும். கீறல்களில் பெரும்பகுதியைத் தடுப்பது இந்த ஒரு படிதான். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஷாம்பு நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் கூரையில் தொடங்கி, கண்ணாடி, பானெட், கதவுகளின் மேல்பாதி என்று இறங்கி, மண் அதிகம் ஒட்டும் கீழ்ப்பகுதியைக் கடைசியில் தொட வேண்டும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துணியை வெறும் தண்ணீர் வாளியில் அலசிய பிறகே ஷாம்பு வாளிக்குக் கொண்டுபோக வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள் அங்கேதான் அப்பியிருக்கும். துணி தரையில் விழுந்துவிட்டால் அதை அன்றைக்கு மறந்துவிடுவது நல்லது. துணி துவைக்கும் சோப்புத்தூள் காரத்தன்மை உடையது, அது வேண்டாம். மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுத் துடைத்தால் மின்னுவது போலிருக்கும். அந்த எண்ணெய் தூசியை இழுத்துப் பிடிப்பதோடு கதவோர ரப்பரையும் ஊதிப்போகச் செய்யும்.

கடைசிப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நம் நகரங்களில் கார் கழுவுவது பெரும்பாலும் போர் தண்ணீரில். அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும், நீர் வற்றிய பின் வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கிவிடுகின்றன. குளியலறைக் குழாயில் ஏறும் உப்புக்கறையும் இதுவும் ஒன்றே. தானாகக் காயட்டும் என்று வெயிலில் விடாமல், ஈரத்தை உறிஞ்சும் தனி மைக்ரோஃபைபர் துணியை மேலே விரித்து ஒற்றி எடுத்துவிட்டால் இந்தக் கறை வராது. இவ்வளவுக்கும் ஆகும் தண்ணீர், அலசுவதையும் சேர்த்து மூன்று நான்கு வாளி. டியூபைத் திறந்துவிட்டால் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் போகும். பத்து நிமிடத்தில் நூறு லிட்டரைத் தாண்டிவிடும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு குடத்தோடு மக்கள் லாரிக்குக் காத்திருந்ததையும், 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்ததையும் பார்த்த பிறகு, டியூபை ஓடவிட்டுக் கழுவும் உரிமை நமக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு, தினமும் துடைக்காவிட்டால் தூசி பெயின்டை அரித்துவிடும் என்பது. காய்ந்த தூசிக்கு அந்தச் சக்தி இல்லை. துரு பிடிப்பது பெரும்பாலும் கல் பட்டுப் பெயின்ட் தெறித்த இடத்திலும், யாரும் துடைக்காத அடிப்பகுதியிலும்தான். கடலோர ஊர்க்காரர்கள் உப்புக் காற்றுக்கு அஞ்சுவது நியாயம். அவர்கள் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய இடம் சக்கர வளைவின் உட்புறமும் வண்டியின் வயிறும். உடனே எடுக்க வேண்டியவை சில உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் இளகிய கிளியர் கோட்டில் அது ஒரே பகலில் தழும்பு விழச்செய்யும். வேப்பமரத்துப் பிசினும் புங்கமரத்தடியில் சொட்டும் பிசுபிசுப்பும் காயக் காயக் கெட்டிப்படும். அவற்றைச் சுரண்டக் கூடாது. நனைத்த துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டு, அந்த இடத்தை மட்டும் ஒற்றி எடுத்தால் போதும். ஆயுதபூஜையன்று வைத்த சந்தனத்துக்கும் இதே வழிதான். காய்ந்த சந்தனத்தை நகத்தால் பெயர்த்த இடம் அடுத்த பூஜை வரை தெரியும்.

இதைவிடக் கனமான மறுப்பு, கார் துடைத்துப் பிழைப்பவர்களைப் பற்றியது. விடியலில் பல கார்களைத் துடைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகும் குடும்பங்கள் நம் நகரங்களில் ஏராளம். தினசரித் துடைப்பு வேண்டாம் என்றால் அவர்கள் வருமானம் என்னாவது? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பெயின்டைப் பற்றி மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் சொல்வது வேலையை நிறுத்துவதைப் பற்றி அல்ல, அதன் முறையை மாற்றுவதைப் பற்றி. இன்றைய ஏற்பாட்டில் ஒருவர் ஒரு காருக்கு ஐந்து நிமிடம்கூடத் தர முடியாது. ஒரே வாளியில் பத்துக் கார் முடிப்பது அவர் குற்றமும் அல்ல, நாம் தரும் காசுக்கு அவ்வளவுதான் முடியும். அதே மாதச் சம்பளத்துக்கு வாரம் ஒருமுறை ஒரு காரை முழுதாக, இரண்டு வாளியில், அரைமணி நேரம் எடுத்துக் கழுவச் சொல்லலாம். துணியும் ஷாம்புவும் காரின் சொந்தக்காரர் வாங்கித் தர வேண்டும். வேலை நேரம் கூடினால் சம்பளமும் கூட வேண்டும். வருடா வருடம் பாலிஷுக்கு அழும் ஆயிரங்கள் அதற்குப் போகட்டும்.

செராமிக் கோட்டிங் போட்டுவிட்டால் இந்தக் கவலையே இல்லையே என்பார்கள் வசதி உள்ளவர்கள். சிலிக்கா சேர்ந்த அந்தப் படலம் தண்ணீரை முத்து முத்தாக உருட்டிவிடுகிறது, அழுக்கு எளிதில் ஒட்டுவதில்லை, இதெல்லாம் உண்மை. ஆனால் விளம்பரத்தில் வரும் 9ஹெச் என்ற எண்ணை அளவுக்கு மீறி நம்புகிறோம். மாணிக்கமும் நீலமும் மோஸ் அளவில் 9. செராமிக்கின் 9ஹெச் அந்த 9 அல்ல; படம் வரையும் பென்சில்களின் கடின வரிசையில் வரும் 9ஹெச். அந்தப் பென்சிலால் கீறல் விழாது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. மணல் ஒட்டிய துணிக்கு முன் ஓரிரு மைக்ரான் செராமிக்கும் கீறத்தான் செய்யும். தவிர, கோட்டிங் போடுவதற்கு முன்னால் இருக்கும் கீறல்களை அகற்ற முழு வண்டிக்கும் பாலிஷ் போடுகிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புது வண்டியில் போட்டு, அதன்பின் முறையாகக் கழுவி வருபவருக்கு அது பயன்படும்.

பாலிஷே கூடாது என்பது என் கட்சி அல்ல. நகத்தால் வருடினால் தட்டுப்படாத கீறல்கள் நிறைந்து நிறம் மங்கிய வண்டிக்கு, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, அளந்து போடும் பாலிஷ் புத்துயிர் தரும். வீட்டில் செய்பவர்கள் சுழல்வதோடு அதிரவும் செய்யும் டூயல் ஆக்‌ஷன் இயந்திரத்தையும், இருப்பதில் மிக மென்மையான பாலிஷையும் கொண்டு, முதலில் ஓர் உள்ளங்கை அகலத்தில் முயன்று பார்த்துவிட்டுத் தொடரலாம். நகம் தட்டும் கீறலைப் பாலிஷால் போக்க முயலவே கூடாது. சர்வீஸ் சென்டர்களிடம் நாம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. பூச்சின் கனத்தை மைக்ரானில் காட்டும் கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. தகட்டில் வைத்தால் நொடியில் எண் தெரியும். பாலிஷ் என்று பில்லில் ஒரு வரி சேர்ப்பவர்கள், பானெட், கூரை, நான்கு கதவுகள் ஆகியவற்றில் பாலிஷுக்கு முன் எத்தனை மைக்ரான், பின் எத்தனை மைக்ரான் என்று ஜாப் கார்டில் எழுதித் தரட்டும். எஞ்சின் ஆயிலின் அளவும் டயரின் தேய்மானமும் எழுதப்படும் தாளில் இதற்கு ஒரு கட்டம் ஒதுக்குவது யாருக்கும் சிரமம் இல்லை.