பெட்டியில் கிடந்த சாட்சி

1967ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஈஸ்டன் பகுதியில் தனியாகக் குடியிருந்த 75 வயது மூதாட்டி ஒருவர் வீட்டுக்குள்ளேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொலையுண்டு கிடந்தார். பின்பக்க ஜன்னலில் ஓர் உள்ளங்கை ரேகை பதிந்திருந்தது. அந்த ஒரு ரேகையை நம்பிக் காவல் துறை செய்த வேலை இன்றைக்கும் மலைப்பைத் தரும். சுற்றுவட்டாரத்து ஆண்கள், சிறுவர்கள் என 19,000 பேரின் உள்ளங்கைப் பதிவுகளை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. கொலைகாரன் குடியிருந்த வீடு, ரேகை எடுக்கப்பட்ட எல்லைக்குச் சற்றே வெளியே இருந்தது.

வழக்கு கிடப்புக்குப் போனது. ஆனால் அந்த அம்மாள் உடுத்தியிருந்த பாவாடையை யாரும் குப்பையில் போடவில்லை. 2024இல் அதை ஆய்வகத்துக்கு அனுப்பியபோது துணியில் படிந்திருந்த விந்திலிருந்து டிஎன்ஏ கிடைத்தது. வேறொரு விவகாரத்துக்காக 2012இல் ஒருவரிடமிருந்து எடுத்துவைத்திருந்த மாதிரியோடு அது பொருந்தியது. கைது செய்த பிறகு அவருடைய உள்ளங்கையை எடுத்துப் பார்த்தால், ஜன்னல் ரேகையும் அவருடையதே. 34 வயதில் செய்த கொலைக்காக 92 வயதில், 2025 ஜூன் 30 அன்று, அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. இடைப்பட்ட காலத்தில், 1977இல், வேறு இரண்டு மூதாட்டிகளை வன்கொடுமை செய்து சிறைக்குப் போய் வந்தவர் அவர். முதல் வழக்கிலேயே சிக்கியிருந்தால் அந்த இருவரும் தப்பியிருப்பார்கள்.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் ‘டிஎன்ஏ காட்டிக்கொடுத்தது’ என்று தலைப்புப் போடுகிறோம். தவறில்லை. ஆனால் 1967இல் அந்தப் பாவாடையைக் கட்டி, முத்திரையிட்டு, எண் போட்டு அலமாரியில் வைத்தவருக்கு டிஎன்ஏ சோதனை என்று ஒன்று வரும் என்றே தெரியாது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் டிஎன்ஏ ரேகை முறையைக் கண்டுபிடிக்க இன்னும் 17 ஆண்டுகள் இருந்தன. என்ன பயன் என்று தெரியாமலே ஒரு பொருளைப் பத்திரப்படுத்தினார் அவர். அவருக்குப் பின் அந்த அறைக்குப் பொறுப்பேற்ற ஒவ்வொருவரும் ‘இடமில்லை’ என்று அதைத் தூக்கி எறியாமல் இருந்தார்கள். துப்பறிந்த பெருமையில் பாதி இவர்களைச் சேர வேண்டியது. ஆய்வகக் கருவிகளை விலை கொடுத்து வாங்கிவிடலாம். ஐம்பதாண்டுப் பொறுப்பை எந்த டெண்டரிலும் வாங்க முடியாது.

அமெரிக்காவில் பெரும் பரபரப்பை ஏற்படுத்திய ஒரு வழக்கின் கதையும் இதுதான். 1970களிலும் 80களிலும் கலிஃபோர்னியாவை நடுங்கவைத்து, ‘கோல்டன் ஸ்டேட் கொலைகாரன்’ என்று அழைக்கப்பட்டவன் 2018 ஏப்ரலில் சாக்ரமென்டோ அருகே பிடிபட்டான். பெயர் ஜோசப் ஜேம்ஸ் டிஏஞ்சலோ, வயது 72. ஒரு காலத்தில் காவல் துறையிலேயே வேலை பார்த்தவன். 2020இல் 13 கொலைகளை ஒப்புக்கொண்டு, வெளியே வர வழியில்லாத ஆயுள் தண்டனை பெற்றான். வென்ச்சுரா மாவட்டத்தில் 1980இல் நடந்த ஒரு கொலையின் பிரேதப் பரிசோதனையில் எடுத்த மாதிரிதான் இவனைப் பிடிக்க உதவியது. அங்கே மாதிரிகளை ஒன்றுக்கு இரண்டு தொகுப்பாக எடுத்து, ஒன்றை உறைபெட்டியில் வைக்கும் வழக்கம் இருந்தது. தொடப்படாமல் கிடந்த அந்த இரண்டாவது தொகுப்பு 37 ஆண்டுகளுக்குப் பிறகு வேலைக்கு ஆனது.

அவனுடைய டிஎன்ஏ எந்தக் காவல் பதிவிலும் இல்லை. அதனால் புலனாய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். பொதுமக்கள் தங்கள் வம்சாவளியைத் தேடுவதற்காகத் தாங்களாகவே விவரங்களைப் பதிவேற்றியிருந்த ‘ஜெட்மேட்ச்’ தளத்தில் கொலைகாரனின் டிஎன்ஏ விவரத்தை ஏற்றினார்கள். தூரத்து உறவினர்கள் சிலர் தென்பட்டார்கள். மரபுவழி ஆய்வாளர் பார்பரா ரே-வென்டர் உதவியோடு, முப்பாட்டன் தலைமுறை வரை மேலே போய், அங்கிருந்து கிளைகிளையாகக் கீழே இறங்கினார்கள். வயதும் வசிப்பிடமும் ஒத்துப்போகாதவர்களைக் கழித்துக்கொண்டே வந்தபோது மிஞ்சியவன் இவன். பிறகு அவனுடைய கார்க் கதவின் கைப்பிடியிலிருந்தும், குப்பைத் தொட்டியில் போட்ட டிஷ்யூ தாளிலிருந்தும் மாதிரி எடுத்து உறுதிசெய்தார்கள். சொந்தபந்தம் விசாரித்துச் சம்பந்தம் பேசுகிற நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த வழிமுறையை விளக்கவே வேண்டியதில்லை.

இங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. நான் என் டிஎன்ஏவைக் கொடுத்தால், என்னைக் கேட்காத என் ஒன்றுவிட்ட தம்பியின் விவரத்தையும் சேர்த்தே கொடுக்கிறேன். ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களில் சுமார் 60 சதவீதம் பேரை இப்படித் தூரத்து உறவு வழியாக அடையாளம் காணும் நிலை வந்துவிட்டது என்று 2018இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் 2019 மே மாதத்தில் ஜெட்மேட்ச் தன் விதியை மாற்றியது. பயனர் தாமாகச் சம்மதித்தால் ஒழிய அவருடைய விவரத்தைக் காவல் துறை தேட முடியாது என்றானது. 2021இல் மேரிலாந்து மாநிலம், நீதிமன்ற அனுமதி பெற்ற பிறகே இத்தகைய தேடல் என்று சட்டமே இயற்றியது. குற்றவாளி பிடிபட்டானே, பிறகென்ன என்று அந்தச் சமூகம் வாளாவிருக்கவில்லை.

அறிவியல் தவறாது என்பவர்கள் ஹைல்பிரான் வழக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. 2007இல் அந்த ஜெர்மானிய நகரில் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த டிஎன்ஏ, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று மூன்று நாடுகளில் ஏறக்குறைய 40 குற்ற இடங்களில் கிடைத்த டிஎன்ஏவோடு ஒத்துப்போனது. கொலை, கொள்ளை, வீடு புகுந்து திருட்டு என்று எல்லாவற்றிலும் கைவைத்த மர்மப் பெண் ஒருத்தியை ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். துப்புக் கொடுத்தால் 3 லட்சம் யூரோ பரிசு என்றார்கள். 2009இல் குட்டு வெளிப்பட்டது. அப்படி ஒரு பெண்ணே இல்லை. மாதிரி எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக் குச்சிகளைத் தொழிற்சாலையில் கையாண்ட ஒரு தொழிலாளியின் டிஎன்ஏ அது! டிஎன்ஏ பொய் சொல்லவில்லை. அது எப்படி அங்கே வந்தது என்பதை மட்டும் அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது, யார் எப்போது தொட்டார்கள் என்று எழுதிவைத்த பதிவேடு.

கலிஃபோர்னிய வழக்கிலும் ஒரு தடுமாற்றம் உண்டு. 2017இல், அரிதான ஒரு மரபுக் குறியீடு பொருந்தியதை வைத்து, ஒரிகன் மாநிலத்தில் முதியோர் காப்பகத்தில் இருந்த ஒருவரிடம் நீதிமன்ற உத்தரவோடு மாதிரி எடுத்தார்கள். அவருக்கும் கொலைகளுக்கும் சம்பந்தமே இல்லை. அவரைக் காப்பாற்றியதும் முழுமையான டிஎன்ஏ சோதனையே. உலகில் முதன்முதலாகக் கொலைப் புலனாய்வில் டிஎன்ஏ பயன்பட்டதே இப்படித்தான். லெஸ்டர்ஷயரில் 1983இலும் 1986இலும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்ட வழக்கில், 17 வயது இளைஞன் ஒருவன் ஒரு கொலையை ஒப்புக்கொண்டு வாக்குமூலமே கொடுத்துவிட்டான். ஜெஃப்ரீஸின் சோதனை அவன் குற்றவாளி இல்லை என்று நிரூபித்தது. அதற்குப் பிறகுதான் சுற்றுக் கிராமங்களின் ஆண்கள் ஆயிரக்கணக்கில் முன்வந்து ரத்தம் கொடுத்தார்கள். காலின் பிட்ச்ஃபோர்க் என்பவன் தனக்குப் பதிலாக நண்பனை அனுப்பித் தப்பிக்கப் பார்த்தான். அந்த நண்பன் மதுக்கடையில் இதைப் பற்றிப் பேசியது ஒரு பெண்ணின் காதில் விழ, அவர் காவல் துறையிடம் சொன்னார். 1988இல் பிட்ச்ஃபோர்க்குக்கு ஆயுள் தண்டனை. ஆய்வகம் எவ்வளவு செய்ததோ, ஊரும் அவ்வளவு செய்தது.

நம் வீட்டுக்கு வருவோம். தேனி மாவட்டம் சுருளி அருவிக்குச் சென்ற இளம் ஜோடி 2011 மே மாதத்தில் கொலையுண்டது பலருக்கும் நினைவிருக்கும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு விசாரணை நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது; உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. வழக்கில் டிஎன்ஏ சான்று இருந்தது. ஆனால் மாதிரிகள் சேகரிக்கப்பட்டதிலிருந்து ஆய்வகம் போய்ச் சேரும்வரை யார் கையில், எப்படி இருந்தன என்பதற்கு ஒழுங்கான பதிவு இல்லை. தாமதத்துக்குக் காரணமும் இல்லை. ஆகவே அதை நம்பி ஓர் உயிரை எடுக்க முடியாது என்றது நீதிமன்றம். அவர் உண்மையில் குற்றமற்றவர் என்றால், தூக்கு நிழலில் அவர் கழித்த ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? வேறொருவர்தான் கொன்றார் என்றால், அந்த ஆள் எங்கே? இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லியிருக்கக்கூடிய சான்று, பராமரிப்புக் குறைவால் வாய் மூடிவிட்டது.

அந்தத் தீர்ப்பு நாடு முழுமைக்குமான நெறிமுறைகளையும் வகுத்தது. முதல் தகவல் அறிக்கை எண், காவல் நிலையம் முதலிய விவரங்களோடு மாதிரியைப் பொதிய வேண்டும். மருத்துவர், புலனாய்வு அலுவலர், சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். நீதிமன்ற அனுமதியின்றிப் பொதியைப் பிரிக்கக் கூடாது. தண்டனையோ விடுதலையோ ஆகும்வரை கைமாறிய விவரம் பதிவேட்டில் இருக்க வேண்டும். நல்ல விதிகள். ஆனால் குற்றவாளி இன்னார் என்றே தெரியாத வழக்கில் தண்டனையும் இல்லை, விடுதலையும் இல்லை. ‘துப்புக் கிடைக்கவில்லை’ என்று கோப்பை மூடிய பின் அந்தச் சட்டையும் அரிவாளும் நகத் துணுக்கும் என்னவாக வேண்டும்? கொலைக்கு நம் சட்டத்தில் காலவரம்பு கிடையாது. அப்படியானால் துப்புத் துலங்காத கொலை வழக்கின் பொருள்களுக்கும் காலவரம்பு இருக்கக் கூடாது. இதுதான் முதல் கோரிக்கை. இதற்குப் பெரிய செலவும் ஆகாது. ரத்தம் தோய்ந்த துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கி, கிருமிகள் பெருகி, டிஎன்ஏ சிதைந்துபோகும். மழை ஒழுகாத அறை, ஒழுங்கான பதிவேடு, பொறுப்பு மாறும்போது எண்ணிப் பார்த்துக் கையெழுத்து. இவ்வளவுதான்.

காவல் துறையை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. கொலை நடந்த வீட்டில் போலீஸ் வருமுன் நூறு பேர் நுழைந்து பார்க்கிறோம். செல்போனில் படம் எடுக்கிறோம். இறந்தவர் மீதான அன்பில் முகத்தைத் துடைத்து, ரத்தத்தைக் கழுவி, துணியை மாற்றிவிடுகிறோம். மகஜரில் கையெழுத்திடக் கூப்பிட்டால் ‘கோர்ட்டுக்கு யார் அலைவது’ என்று நழுவுகிறோம். கையெழுத்துப் போட்டவரும் ஐந்தாண்டு கழித்துக் கூண்டில் ஏறிப் பிறழ் சாட்சியாகிறார். அவரைக் குறை சொல்லுமுன், சாட்சி சொல்ல வருபவருக்கு நீதிமன்ற வளாகத்தில் உட்கார ஒரு பெஞ்சாவது கிடைக்கிறதா என்றும் கேட்க வேண்டும். ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும் என்கிறது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. நிபுணர் வரும்போது எடுப்பதற்குத் தடயம் மிச்சமிருக்க வேண்டுமே!

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. டிஎன்ஏ தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா 2019இல் மக்களவைக்கு வந்தது. 2023இல் திரும்பப் பெறப்பட்டது. 2022ஆம் ஆண்டின் குற்ற நடைமுறை (அடையாளம் காணல்) சட்டமோ உயிரியல் மாதிரிகளை எடுக்க விரிந்த அதிகாரம் தருகிறது. கொடிய குற்றவாளிகள் சிக்க வேண்டுமானால் எல்லாருடைய டிஎன்ஏவையும் சேர்த்துவைக்கலாமே என்கிறது ஒரு தரப்பு. அரசின் கையில் அதைக் கொடுத்தால் சாதி, குடும்பம், நோய் எல்லாம் அம்பலமாகும் என்கிறது மறு தரப்பு. இரண்டாவது அச்சத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. சாதி பார்த்துக் கொலை செய்கிற நாட்டில் வம்சாவளித் தகவல் கத்தியைவிடக் கூர்மையானது. ஆனால் இரு தரப்பும் சண்டையில்லாமல் ஒப்புக்கொள்ளக்கூடியது நிறைய இருக்கிறது. குற்ற இடத்தில் கிடைத்த மாதிரி வேறு, குடிமகனிடம் எடுத்த மாதிரி வேறு. முன்னதை அழிக்கவே கூடாது. பின்னதை, அவர் விடுதலையானால், கேட்காமலே அழித்துவிட வேண்டும். சிறையில் இருப்பவர் ‘என் வழக்கின் பொருளை மீண்டும் சோதியுங்கள்’ என்று கேட்க உரிமை வேண்டும். அமெரிக்காவில் 370க்கும் மேற்பட்டோர் அப்படிக் கேட்டுத்தான் தங்கள் மீதான தவறான தண்டனையிலிருந்து மீண்டார்கள். ஆய்வகம் காவல் துறையின் கையசைப்புக்குக் காத்திராத தனி அமைப்பாக இருக்க வேண்டும். இதில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பிரிந்து நிற்க என்ன இருக்கிறது?

பிள்ளையைப் பறிகொடுத்துப் பதினைந்து, இருபது ஆண்டாகக் காவல் நிலையப் படி ஏறி இறங்கும் பெற்றோர் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். ஆய்வாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். புதிதாக வந்தவருக்குக் கோப்பே தெரியாது. ‘பார்த்துக்கிட்டிருக்கோம்மா’ என்ற பதில் மட்டும் மாறாது. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, சான்றுப் பொருள்கள் எங்கே உள்ளன, மறுசோதனைக்கு எது தகுதியானது என்று ஆண்டுக்கு ஒருமுறை எழுத்தில் பதில் தருவதை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கடமையாக்கலாம். அடுத்த முறை காவல் துறை மானியக் கோரிக்கை சட்டப்பேரவை விவாதத்துக்கு வரும்போது எந்தக் கட்சி உறுப்பினராவது எழுந்து கேட்கட்டும்: தமிழ்நாட்டில் துப்புத் துலங்காத கொலை வழக்குகள் எத்தனை, அவற்றில் எத்தனை வழக்குகளின் பொருள்கள் இன்னும் கையில் இருக்கின்றன, எந்த அறையில்?