மூன்று சனிக்கிழமை, மூன்று தீ! ஓசூர் எல்லையில் ஆபத்து என்றால் போனை எடுப்பது யார்?

ஓசூர்:

முதல் சனிக்கிழமை 2023 ஜூலை 29-ந்தேதி. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசு குடோன் வெடித்து சிதறியது. பக்கத்து கட்டிடங்களும் இடிந்து விழுந்தன. 9 பேர் பலியானார்கள்.

இரண்டாவது சனிக்கிழமை 2023 அக்டோபர் 7-ந்தேதி. எல்லையை தாண்டியதும் வரும் அத்திப்பள்ளியில் பட்டாசு கடையில் தீ பிடித்தது. லாரியில் இருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த நேரம். தீபாவளி சீசன் வேலைக்கு போயிருந்த தமிழக இளைஞர்கள், மாணவர்கள் உள்பட 14 பேருக்கு மேல் கருகி இறந்தார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை 2024 செப்டம்பர் 28-ந்தேதி. உத்தனப்பள்ளி அருகே செல்போன் பாகங்கள் தயாரிக்கும் டாடா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அதிகாலையில் தீ. ஷிப்டில் இருந்த தொழிலாளர்கள் அலறியடித்து வெளியே ஓடி வந்தனர். சிலருக்கு மூச்சுத்திணறல். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

இதற்காக சனி பகவான் மேல் பழி போட வேண்டாம். ஆனால் ஒன்றை யோசிக்கணும். தமிழ்நாட்டில் சனிக்கிழமை அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை. பேரிடர் திட்டம் என்ற கனத்த பைல் அலுவலக பீரோவுக்குள் இருந்தால், அன்றைக்கு அதை திறப்பது யார்? தீ நாள், நட்சத்திரம் பார்த்து வருவதில்லை. மாநில எல்லையும் அதற்கு தெரியாது. ஆனால் தீயை அணைக்க வேண்டிய ஏற்பாடுகள் எல்லாம் எல்லைக்கோட்டில் வந்து நின்றுவிடுகின்றன. ஓசூருக்கு உள்ள பெரிய சிக்கலே இதுதான்.

போன் போட்டால் கன்னடம்

ஜூஜூவாடி பக்கம் இரவு நேரத்தில் ஒரு பைக் விபத்தை பார்த்து அவசர எண்ணுக்கு போன் போட்டேன். எதிர்முனையில் பேசியவர் கன்னடத்தில் கேட்டார். நான் ஜூஜூவாடி என்கிறேன், அவர் எந்த தாலுகா என்கிறார். அவர் மேல் தப்பு இல்லை. எல்லையோரத்தில் நம்ம செல்போன் எந்த டவரை பிடிக்கிறதோ, அந்த மாநிலத்து கண்ட்ரோல் ரூமுக்குத்தான் அழைப்பு போகும். டவர் கர்நாடகாவில் இருந்தால் பெங்களூரு, தமிழகத்தில் இருந்தால் சென்னை. பத்தடி தள்ளி நின்று பேசினால் மாநிலமே மாறிவிடும். அடிபட்டு கிடப்பவருக்கு இந்த கணக்கு எல்லாம் தெரியுமா?

108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. கர்நாடகாவில் அதே ஆண்டு நவம்பரில். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் என அனைத்துக்கும் ஒரே எண்ணான 112 இரு மாநிலத்துக்கும் 2019-ல் வந்தது. மத்திய உள்துறை கொண்டு வந்த ஒரே திட்டம் இது. அப்படியானால் தவறி வந்த அழைப்பை ஒரே பட்டனில் பக்கத்து மாநிலத்துக்கு மாற்றுவது பெரிய கம்பசூத்திரம் இல்லை. தேவை இரண்டு அரசும் கையெழுத்து போடும் ஒரு நடைமுறை.

எந்த சிப்காட்?

மொழி இன்னொரு பிரச்சினை. ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறோம். இப்போது கம்பெனிகளில் பீகார், ஒடிசா, அசாம் தொழிலாளர்களும் வேலை பார்க்கிறார்கள். தீ பிடித்த பதற்றத்தில் அவர்கள் சொல்வது "சிப்காட்" என்ற ஒரே வார்த்தை. எந்த சிப்காட்? ஓசூரில் முதல் பேஸ் இருக்கு, இரண்டாவது பேஸ் இருக்கு. பர்கூரிலும் சிப்காட். ஓசூருக்கும் பர்கூருக்கும் நடுவே 60 கிலோமீட்டருக்கு மேல்.

செல்போன் டவரை வைத்து இடத்தை கண்டுபிடித்தால் துல்லியமாக இருக்காது. சில நூறு மீட்டர் தள்ளி காட்டும், சில இடங்களில் அதைவிட அதிகம். வரிசையாக கம்பெனி உள்ள தெருவில் அந்த தூரம் போதும், தீயணைப்பு வண்டி வேறு கேட்டில் போய் நிற்க. ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் தூரத்தில் இருந்தே தெரிகிற மாதிரி பெரிய எண் எழுதி, அந்த எண்ணை கண்ட்ரோல் ரூம் மேப்பில் ஏற்றினால் போதும். தொழிலாளி எண்ணை மட்டும் சொல்லட்டும். இதற்கு கோடிக்கணக்கில் செலவு ஆகாது. பெயிண்டும் பிரஷ்ஷும் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1984-ல் போபால் விஷவாயு கொடுமைக்கு பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. 1989 விதிப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆபத்தான ரசாயனம் வைத்துள்ள தொழிற்சாலை தன் காம்பவுண்டுக்குள் என்ன செய்வது என்று திட்டம் போட வேண்டும். காம்பவுண்டுக்கு வெளியே ஊர் மக்களை காப்பாற்றும் திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு.

1996-ல் வந்த ரசாயன விபத்து விதிகள் இன்னும் தெளிவு. மாவட்டத்துக்கு கலெக்டர் தலைமையில் ஒரு நெருக்கடி குழு. தொழிற்பேட்டை உள்ள பகுதிக்கு தனியாக ஒரு உள்ளூர் குழு. இந்த உள்ளூர் குழு மாதம் ஒரு முறை கூட வேண்டும். 6 மாதத்துக்கு ஒரு முறை முழு அளவில் ஒத்திகை நடத்த வேண்டும். சுற்றியுள்ள மக்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இங்கேதான் வாசகர்களை கேட்கிறோம். சிப்காட் பக்கத்தில் குடியிருக்கும் உங்களில் எத்தனை பேருக்கு இந்த குழு இருப்பது தெரியும்? சைரன் ஊதினால் காற்று அடிக்கும் பக்கம் ஓடக்கூடாது, குறுக்கே விலகி ஓடணும் என்று யாராவது வந்து சொன்னார்களா?

தீயணைப்பு வீரர்களுக்கும் தகவல் முக்கியம். சில ரசாயனங்கள் மேல் தண்ணீர் பீய்ச்சினால் தீ அணையாது, கூடும். உள்ளே என்ன இருக்கு, எத்தனை பேர் இருக்காங்க என்ற இரண்டு கேள்விக்கும் வண்டி கிளம்பும்போதே பதில் கையில் இருக்கணும். எந்த கம்பெனியில் என்ன ரசாயனம், எத்தனை கிலோ என்ற பட்டியல் நிலைய அதிகாரியின் செல்போனிலேயே இருந்தால் கேட்டில் நின்று விசாரிக்கும் நேரம் மிச்சம். அந்த நேரம்தான் உயிர்.

ஆறும் எல்லை தாண்டி வருது

தீ மட்டும் இல்லை. தென்பெண்ணை கர்நாடகாவில் நந்தி மலை பக்கம் பிறந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. பிறகு கே.ஆர்.பி. அணை. பெங்களூருவில் கொட்டும் மழை இங்கே வெள்ளமாக வந்து சேரும். அங்கே மழை பெய்த அளவு உடனே இங்கே தெரிந்தால்தான் கரையோர கிராமங்களுக்கு முன்கூட்டியே சொல்ல முடியும். 2023 அக்டோபரில் எல்லோர் செல்போனும் திடீரென அலறியது ஞாபகம் இருக்கும். குறிப்பிட்ட பகுதியில் உள்ள அத்தனை செல்போனுக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும் முறைக்கான சோதனை அது. ஆக, கருவி ரெடி. யார், எப்போது, யாரிடம் கேட்டு பட்டனை அழுத்துவது என்பதுதான் முடிவாக வேண்டும்.

மாநகராட்சி கையில் வாய்ப்பு

ஓசூர் 2019-ல் மாநகராட்சி ஆனது. 2025-ல் நடைமுறைக்கு வந்த பேரிடர் மேலாண்மை திருத்த சட்டம், மாநில தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள பெரிய நகரங்களுக்கும் தனி நகர்ப்புற பேரிடர் ஆணையம் அமைக்க மாநில அரசுக்கு வழி விட்டுள்ளது. கமிஷனர் தலைவர், கலெக்டர் துணைத்தலைவர். நாளுக்கு நாள் கம்பெனி பெருகும் ஓசூருக்கு இதை கேட்டு வாங்க வேண்டியது மக்கள் பிரதிநிதிகள் கடமை.

அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஓசூர் சப்-கலெக்டர் அலுவலகமும், அத்திப்பள்ளி அடங்கிய ஆனேக்கல் தாலுகா அதிகாரிகளும் சேர்ந்து எல்லையில் ஒரு கூட்டு ஒத்திகை நடத்தலாம். இரு மாநில தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், போலீஸ் எல்லாம் வரட்டும். ஜூஜூவாடியில் இருந்து ஒரு தொழிலாளி போன் போடட்டும். வண்டி எத்தனை நிமிடத்தில் வருது என்று கடிகாரம் பார்த்து, அந்த கணக்கை மக்களிடம் வெளியிடட்டும்.

அந்த ஒத்திகையை ஒரு சனிக்கிழமையில், அதிகாலையில் வைக்க வேண்டும் என்பதுதான் எல்லையோர மக்களின் எதிர்பார்ப்பு. செய்வார்களா அதிகாரிகள்?