கோடு எழுதத் தெரியும், படிக்கத் தெரியுமா?

நாலு செமஸ்டரா லேப் ரெக்கார்டு எழுதிட்டு இருக்கோம். ஃபிபனாச்சி, பிரைம் நம்பர், லிங்க்டு லிஸ்ட்... எல்லாமே நாப்பது ஐம்பது வரி. அடுத்தவங்க எழுதின பெரிய நிரல் ஒண்ணையாவது திறந்து படிச்சிருக்கோமா? கதையே படிக்காதவனைக் கதை எழுதச் சொல்ற கூத்து இது.

லேப்ல ஒரே ஒரு மெஷின்ல ஓப்பன்குரோக் போடலாமான்னு கேட்டேன். "சிலபஸ்ல இல்லை. வேணும்னா நெட்ல பார்த்துக்கோ"ன்னு பதில். நெட்லயா? மாரமங்கலத்துல எங்க வீட்டுக்கு ஒரு தடவை வாங்க சார். மலைல மழை பிடிச்சா கரண்டும் போகும், சிக்னலும் போகும்.

சரி போங்கன்னு, தேவையானதை எல்லாம் ஹாஸ்டல்லயே இறக்கிட்டு வந்து, லீவுல என் ஓட்டை லேப்டாப்ல போட்டுட்டேன். ஓப்பன்குரோக், ஓப்பன்சோலாரிஸ் நிரலைப் படிக்க சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல உருவானது. இலவசம்.

வேணுங்கறது மூணு: ஜாவா, டாம்கேட், யுனிவர்சல் சிடேக்ஸ். பழைய எக்ஸூபரண்ட் சிடேக்ஸ் ஆகாது (எனக்கு ஒரு ராத்திரி போனது இதுலதான் :-( ). மூலநிரல், இண்டெக்ஸ், கான்ஃபிகரேஷன் மூணுக்கும் தனித்தனி ஃபோல்டர். லினக்ஸ் கெர்னலை மூலநிரல் ஃபோல்டருக்குள்ள தனி ஃபோல்டராவே வைங்க. பிரிச்சுக் கொட்டினா உள்ள இருக்குற ஒவ்வொரு ஃபோல்டரையும் ஒரு ப்ராஜெக்டா எடுத்துக்கும். இண்டெக்ஸரை ஓட விட்டுட்டு சாப்பிடப் போகலாம். அப்புறம் கூடவே வர்ற வார் கோப்பை டாம்கேட்ல போட்டு, கான்ஃபிகரேஷன் கோப்பு இருக்கிற இடத்தைக் காட்டணும். அந்த ஃபோல்டர்களைப் படிக்க டாம்கேட்டுக்கு அனுமதி கொடுக்க மறக்காதீங்க. பிரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட் 8080. அவ்ளோதான்!

"கிரெப் போதாதா?"ம்பீங்க. கெர்னல் மூணு கோடி வரிக்கு மேல. அதுல கேமாலாக்னு கிரெப் அடிச்சா கூப்பிட்ட இடம், கமெண்ட்ல வந்த இடம்னு எல்லாம் வந்து குவியும். இங்க டெஃபினிஷன் பெட்டில அடிச்சா வரையறுத்த இடம், சிம்பல் பெட்டில அடிச்சா பயன்படுத்தின இடங்கள்.

"ஏஐ சொல்லிடுமே?" சொல்லும். சொன்னது சரியான்னு எங்க போய்ப் பார்ப்பீங்க? மூலநிரல்லதானே?

ஒரு மெஷின்ல போட்டா லேப்ல மத்த எல்லாருக்கும் பிரவுசர் மட்டும் போதும். நெட் வேண்டாம், காசு வேண்டாம். நார்வேல ஒஸ்லோ பல்கலைக்கழகத்துல கெர்னலைப் படிக்கறதுக்குன்னே 1990கள்ல எல்எக்ஸ்ஆர் எழுதினாங்க. நம்மால எழுத வேண்டாம், எழுதி வெச்சதை நிறுவக்கூட முடியாதா?

வீட்ல நெட் இருக்கிறவன் எப்படியும் படிச்சுக்குவான். லேபை மட்டும் நம்பி மலையிறங்கி வர்றவனுக்கு என்ன பதில்? அடுத்த வாரம் மறுபடியும் கேட்கப் போறேன். கூட யார் யார் வர்றீங்க மக்களே?